ஆம்பிளை வேண்டாம் என்று சொன்ன வீடு: ஒரு நாவலும் எங்கள் வாசிப்பும்

2024 பெப்ரவரி 9, இரவு

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் நான் வாசித்துக் காட்டுகிற நாவலைப் பற்றி மாங்குளத்திலிருந்து ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். அவருடைய வார்த்தையிலேயே போடுகிறேன்: "சண்டையில ஆம்பிளையளைப் பறிகுடுத்த பெண்களைச் சுத்திவர இருத்தி வைச்சு, ஆம்பிளையே வேண்டாம் எண்டு வாழ்ந்த வெள்ளைக்காரப் பெட்டையளின்ர கதையை வாசிச்சுக் காட்டுறது கொடுமை இல்லையோ? வன்னிக்கு இந்த நாவல் என்னத்துக்கு?"

கொடுமை இல்லை அண்ணை. ஆண் இல்லாத வீடு என்றால் அது பறிகொடுத்ததால் மட்டும்தான் வரும் என்று முதலே முடிவெடுத்துக்கொண்டு கேட்கிறீர்கள். உங்களில் பிழை சொல்லவில்லை, 2009இல் போர் முடிந்த பிறகு எங்களைப் பற்றி வந்த அறிக்கை, கவிதை, நிவாரணப் படிவம் எல்லாவற்றிலும் அந்த முடிவுதான் இருக்கிறது. வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள் என்று 2010இல் அரச தரப்பு சொன்ன கணக்கை இன்றைக்கும் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்குள் இருக்கிற ஒருத்தியிடமாவது, "தனிய இருக்கிறது உனக்குப் பிடிச்சிருக்கோ, இல்லையோ" என்று யாரும் கேட்டதை நான் அறியேன். நாவல் அதைக் கேட்கிறது. அதனால்தான் எடுத்தேன்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971, வொஷிங்டன். ஒரு வாடகை வீட்டில் ஒன்பது பெண்கள். ஆண்களோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் வாழ்வது என்று முடிவெடுத்து ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். சம்பளம் எல்லாம் ஒரு டின்னுக்குள் போகும். ஒரே அறையில் மெத்தைகளை வரிசையாகப் போட்டுப் படுப்பார்கள். இரவிரவாக ஒரு பத்திரிகை அடிப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவில் ஆளையாள் குற்றம் குறை சொல்லும் கூட்டம் நடக்கும். கதை சொல்கிறவள் டைப்பிஸ்ட், ஏழை வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டில் ஒருத்தியை நேசிக்கிறவள். விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிறோம், நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லுகிறேன். இருபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பெண்கள் வருகிறார்கள். ஆண்களுக்குத் தடை இல்லை, இதுவரை யாரும் வரவில்லை.

பெப்ரவரி 10

"இப்படி உண்மையில் நடந்ததா, எழுத்தாளரின் கற்பனையா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆட்கள் கற்பனை, ஆனால் வீடு வெறும் கற்பனை இல்லை. 1971இல் வொஷிங்டனில் பன்னிரண்டு பெண்கள் அப்படி ஒரு கூட்டு வாழ்க்கை தொடங்கினார்கள், 'ஃபியூரீஸ்' என்று பெயர். எழுத்தாளர் றீற்றா மே பிறவுண், பெண்ணியவாதி சார்லொற் பஞ்ச் எல்லாம் அதில் இருந்தவர்கள். காசைப் பொதுவில் வைத்தார்கள், கார் திருத்தப் பழகினார்கள், தங்களைத் தற்காக்கப் பழகினார்கள், 1972 ஜனவரியில் தங்கள் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார்கள். ஒன்றாக இருந்த காலம் மிகக் குறுகியது. 1972இலேயே கூட்டு உடைந்துவிட்டது, பத்திரிகை மட்டும் 1973 வரை இழுபட்டது. அந்த வீட்டை 2016இல் அமெரிக்க அரசு வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தது.

அதற்கு முந்தின கதையும் நாவலில் வருகிறது. 1970 மே 1, நியூயோர்க், பெண்ணியவாதிகளின் மாநாடு. திடீரென்று மண்டபத்தில் லைற் நிற்கிறது. திரும்ப வரும்போது மேடையிலும் நடைபாதையிலும் ஊதா ரீசேட் போட்ட பெண்கள் நிற்கிறார்கள், நெஞ்சில் 'ஊதா ஆபத்து' என்று எழுதியிருக்கிறது. பெண் விடுதலை இயக்கத்துக்கு லெஸ்பியன்களால் கெட்ட பெயர் வரும் என்று அந்த இயக்கத்தின் தலைவிகளில் ஒருவரான பெற்றி ஃபிறீடன் சொன்ன வசவு அது, அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண்கள் சண்டை பிடித்தது முதலில் ஆண்களோடு இல்லை, தங்களை ஒளித்து வைக்கச் சொன்ன தோழிகளோடு. நாவலை ஆண் வெறுப்பு என்று ஒரு சொல்லில் முடிக்கிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் திரும்ப ஒருக்கால் பாருங்கள்.

பெப்ரவரி 12

நேற்றைய கூட்டத்தில் நடந்ததை எழுதச் சொல்லி வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டாள்.

கார் திருத்தப் பழகும் அத்தியாயம். கிரீஸ் பூசிய கையோடு கார்பரேற்றரைக் கழற்றிப் பூட்டிவிட்டு அந்தப் பெண்கள் வீட்டுக்குள் ஆடுகிறார்கள். நான் உற்சாகமாக வாசித்தேன். முன் வரிசையில் இருந்த அக்கா ஒருவர், புலிகள் இயக்கத்தில் பல வருடம் வாகனப் பகுதியில் நின்றவர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்: "இதுக்கோ ஆடினவை? நாங்கள் லொறியின்ர இஞ்சினையே இறக்கி ஏத்தினனாங்கள். முழுக்கப் பிள்ளையள்தான். ஒரு ஆம்பிளையும் கிட்ட இல்லை." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு சொன்னார், போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்து ஊருக்கு வந்தபோது கராஜ் ஒன்றில் வேலை கேட்டாராம், மேசையில் இருந்து கணக்கு எழுதச் சொன்னார்களாம். வீட்டிலும் கலியாணம் பேச வருகிறவர்களிடம் அவருடைய கைத்தொழிலை மறைத்துத்தான் பேசினார்களாம்.

பெண்கள் மட்டும் சேர்ந்து வாழ்ந்த முகாம், கிணறு வெட்டியது, பங்கர் வெட்டியது, சமைத்தது, காவல் நின்றது எல்லாம் இந்த மண்ணில் நடந்தது. அமெரிக்கப் பெண்கள் ஒரு வீட்டில் ஒரு வருடம் சொச்சம் செய்து பார்த்ததை இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வருடக்கணக்காக வாழ்ந்திருக்கிறார்கள். வித்தியாசம் பெரியது, எனக்கும் தெரியும். இங்கே அது போருக்காக, மேலிருந்து வந்த கட்டளைக்குக் கீழே. எத்தனையோ பிள்ளைகள் தாங்களாக விரும்பிப் போகவில்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒன்றாக வாழத் தெரிந்த கைகள் இங்கே இருந்தன, 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒவ்வொரு குசினிக்கு அனுப்பியாயிற்று.

பெப்ரவரி 13

மெத்தைகளை வரிசையாகப் போட்ட இடத்தில் எழுபது வயது ஆச்சி கேட்ட கேள்வியை நேற்று எழுத விடுபட்டது. "ஆர் முதல் எழும்பித் தேத்தண்ணி வைக்கிறது?" நாவலில் அது இல்லை ஆச்சி. இருந்திருக்க வேண்டும்.

பெப்ரவரி 20

இன்று கிளிநொச்சியில் கந்தசாமி கோவிலடிக்குப் போய் வந்தேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கி இருந்த இடம், இன்றைக்கு ஏழு வருடம். ஒரு காலத்தில் இருந்த முகங்கள் பல இன்றைக்கு இல்லை, பிள்ளையைத் தேடித் தேடியே செத்துப்போன தாய்மார். வெயில் கொளுத்தியது. என்னோடு வந்தவர் எங்கள் வாசிப்புக்கும் வருகிறவர், மனிசனைத் தேடுகிறவர், படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "பிள்ளை, உந்தக் கதை எனக்கு விளங்குது. என்ர மனிசன் குடிச்சிட்டு அடிச்சவர்தான். ஆனா அவரைப் பிடிச்சுக் குடுத்த இடம் எனக்குத் தெரியும். அவர் எங்கையெண்டு சொல்லாமல் நான் ஆம்பிளை வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நாவலோடு நான் முரண்படுகிற இடம் இது. மாங்குளத்து அண்ணையின் கேள்விக்குள் இருந்த நியாயமும் இதுதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். ஆண்களை விட்டு விலகுவதே அரசியல் என்று அந்த வீடு நினைக்கிறது. தங்கள் ஆண்களை அரசு தூக்கிக்கொண்டு போன சனத்துக்கு அது பொருந்தாது. அமெரிக்காவிலேயே இதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பொஸ்டனில் 1974இல் தொடங்கிய கறுப்புப் பெண்களின் கூட்டு, கொம்பாகீ ஆற்றுக் கூட்டு. 1863இல், அடிமைத்தனத்திலிருந்து தப்பிய கறுப்புப் பெண் ஹரியற் டப்மன் முன்நின்று நடத்திய தாக்குதலில் எழுநூறுக்கு மேற்பட்ட அடிமைகள் விடுதலையானது அந்த ஆற்றங்கரையில், பெயர் அங்கிருந்து வந்தது. அவர்களிலும் பெண்களை நேசித்த பெண்கள் இருந்தார்கள். ஆனால் 1977இல் விட்ட அறிக்கையில் ஆண்களைப் பிரிந்து தனியே வாழும் வழியை அவர்கள் ஏற்கவில்லை. நிறவெறிக்கு எதிராகக் கறுப்பு ஆண்களோடு சேர்ந்து நிற்கிறோம், ஆணாதிக்கத்தைப் பற்றி அதே ஆண்களோடு சண்டையும் பிடிக்கிறோம் என்பது அவர்கள் எடுத்த நிலை. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். "ம், ரெண்டு வேலை," என்றார்.

நாவலின் வீட்டில் ஒன்பது பேரும் வெள்ளைக்காரிகள். எழுத்தாளர் அதை அறியாமல் எழுதவில்லை. பத்திரிகை விற்கப் போன இடத்தில் ஒரு கறுப்புப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஒரு பக்கம் இருக்கிறது. ஒரே ஒரு பக்கம். இன்னும் எழுதியிருக்கலாம்.

பெப்ரவரி 22

சட்டம் படிக்கிற தம்பி ஒருவர், "இலங்கையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் சட்டம் ஆண்களுக்கு மட்டும்தான், பெண்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறார். இல்லைத் தம்பி. 1883 தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஆண்களைப் பற்றி மட்டும் பேசியது சரி. 1995இல் திருத்தினார்கள். தூக்கி எறியாமல், ஆண் என்று இருந்ததை ஆள் என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் வரை சிறை. 1999இல் கொழும்பில் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்கு, லெஸ்பியன் மாநாட்டுக்கு வருகிற பெண்கள் மேல் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்று ஒருவர் கடிதம் எழுத, அதையும் அச்சிட்டார்கள். முறைப்பாடு பத்திரிகைச் சபைக்குப் போனது. 2000இல் சபை பத்திரிகையின் பக்கம் நின்று, முறைப்பாடு செய்தவர் செலவு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. 2022இல் ஒருபாலீர்ப்பாளர் உரிமைகளுக்காக நிற்கிற றோசானா பிளேமர் கல்டேராவின் வழக்கில் ஐநாவின் பெண்கள் உரிமைக் குழு இந்தச் சட்டம் பெண்களின் உரிமையை மீறுகிறது என்றது. 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும், இதை நீக்கக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்றது. பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

வன்னியில் பெண்கள் மேல் அந்தப் பிரிவில் வழக்குப் போட வேண்டிய தேவையே வராது. அதற்கு முதலே அம்மா, சித்தப்பா, கோயில் தர்மகர்த்தா, கலியாணப் புரோக்கர் எல்லோரும் சேர்ந்து வேலையை முடித்துவிடுவார்கள்.

பெப்ரவரி 25, பின்னேரம்

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்து, ஊரும் அடையாளமும் மாற்றி எழுதுகிறேன்.

இரண்டு பெண்கள். ஒருவர் கணவனை முள்ளிவாய்க்காலில் இழந்தவர், இரண்டு பிள்ளைகள். மற்றவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, கலியாணம் ஆகவில்லை. போர் முடிந்து சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒரே வளவில் ஒரே வீடு. ஒரு தையல் மெசின், பத்துப் பன்னிரண்டு கோழி, வேலியோரம் முருங்கை. வீட்டுத்திட்டப் படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'சகோதரி' என்று போட்டிருக்கிறார்கள். ஊரும் அக்கா தங்கச்சி என்றுதான் சொல்கிறது.

ஒரு நாள் சட்டை அளவெடுக்கப் போனபோது பொழுதுபட்டுவிட்டது. தைத்துக்கொண்டிருந்தவர் மெசினை நிறுத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்து பொய்க்காலைக் கழற்றினார். மற்றவர் குசினிக்குள் இருந்து ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து, உப்பைப் போட்டுக் கையால் கலக்கி, கீழே குந்தியிருந்து, அந்தத் தழும்பைத் துணியால் ஒத்தி ஒத்தித் துடைத்தார். சிவந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இஞ்சையோ?" என்றார். "ம்." பிறகு துடைத்து, பவுடர் போட்டு, சேலைத் தலைப்பால் ஒருக்கால் விசிறினார். அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் பேசினது உளுந்து என்ன விலை போகிறது, மழைக்கு எவ்வளவு பழுதாகிவிட்டது என்பது மட்டும்தான். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். நாவலை வாசித்தபோது அந்த டைப்பிஸ்ட் தன் சிநேகிதியின் காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற இடத்தில் எனக்கு இந்த வீடுதான் கண்ணுக்கு முன் வந்தது.

பெப்ரவரி 27

எதிர்பார்த்த கேள்விதான் வந்திருக்கிறது, கனடாவில் இருக்கும் ஒரு முல்லைத்தீவு அக்காவிடமிருந்து: "அவை நிம்மதியாய் இருக்கினம். ஊரும் விட்டிருக்கு. நீ ஏன் அதைத் தோண்டி, இல்லாத பேரைக் குடுத்து, ஊரின்ர கண்ணைத் திறக்கிறாய்?"

இந்தக் கேள்வியோடு இரண்டு இரவு கிடந்தேன். பதில் முழுக்க வரவில்லை, வந்ததை எழுதுகிறேன். ஊர் கண்ணை மூடியிருப்பது அவர்களுக்கு ஒரு வேலி என்பது உண்மை. வெளிநாட்டில் இருந்துகொண்டு பேர் வைத்துக் கொண்டாடுவது லேசு, பக்கத்து வளவில் வாழ்கிறவளுக்குத்தான் கல் விழும். அதனால் அக்கா சொல்வதைத் தள்ள முடியாது. ஆனால் ஊர் எதற்காகக் கண்ணை மூடியிருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் இருவரும் பாவப்பட்டவர்கள் என்பதால். ஒருத்திக்கு மனிசன் இல்லை, ஒருத்திக்குக் கால் இல்லை. இதே வீட்டில் இரண்டு கால் உள்ள, மாப்பிள்ளை கிடைக்கக்கூடிய, வேலை உள்ள இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து இருக்கப்போகிறோம் என்று சொன்னால் அந்த வேலி நிற்குமா? நிற்காது. போன வருடம் அப்படி ஒரு பிள்ளையை வீட்டார் வந்து தலைமயிரில் பிடித்து வானில் ஏற்றியதை நான் ஏ9 வீதியில், பட்டப்பகலில் பார்த்தேன். கடைக்காரர் எல்லோரும் பார்த்தார்கள். "காதல் பிரச்சினை போல" என்றார்கள். மூன்று மாதத்தில் கலியாணம் முடிந்தது.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் ஊரில் ஒரு கதையும் இல்லை. பாவப்பட்டவளுக்கு இருக்கிற கதைக்குள் அவளால் போய் ஒளிக்க முடியாது. நாவலில் வருகிற பெண்கள் பிடிவாதக்காரிகள், சில இடங்களில் கொடுமைக்காரிகள், ஆனால் தாங்கள் விரும்பித்தான் இப்படி இருக்கிறோம் என்று சத்தமாகச் சொல்கிறவர்கள். அதைத் தமிழில், விசுவமடுவில், ஒருவர் வாயால் ஒருக்கால் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் கலியாணம் கட்டாதவள். கட்ட விரும்பாதவள். அதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

மார்ச் 3

இன்று நாவலின் டைப்பிஸ்டும் அவள் நேசிக்கிறவளும் முதன்முதலில் சேர்கிற அத்தியாயம். நாலு பக்கம். ஒரு வசனமும் விடாமல் தமிழில் சொன்னேன், குரல் இரண்டு இடத்தில் நடுங்கியது. முன்பள்ளியின் சின்னக் கதிரைகளில் முழங்கால் மடித்து இருந்த பெண்கள் ஒருவரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் எழும்பி வெளியே போனார், போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வந்து அதே இடத்தில் இருந்தார். நான் நிறுத்தினேன். ஆச்சிதான் சொன்னார்: "ஏன் நிப்பாட்டினனி, மேல வாசி."

மார்ச் 10, இரவு

மாங்குளத்து அண்ணை இன்றைக்கு நேரே வந்துவிட்டார். நெல் வெட்டு முடிந்ததாம், மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம். கடைசி வரிசையில் இருந்தார். வந்த நாளுக்கு அந்த அத்தியாயம்தான் அமைந்தது, பொடியனின் அத்தியாயம்.

வீட்டில் ஒருத்திக்கு நாலு வயது மகன். கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள், ஆண்பிள்ளை இந்த வீட்டில் வளரக்கூடாது. பிள்ளையைத் தகப்பனிடம் அனுப்பு, இல்லையென்றால் நீயும் போ. ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்குகிறார்கள். கதை சொல்கிறவளும் தூக்குகிறாள். விடியப்புறம் அந்தத் தாய் பொடியனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறாள். டின்னில் எட்டு மாதமாக அவள் போட்ட சம்பளம் இருக்கிறது. ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்த அத்தியாயத்துக்காகவே நாவலை எறிந்துவிடலாம் என்று முதல் வாசிப்பில் எனக்குக் கோபம் வந்தது. இன்று வாய்விட்டு வாசித்தபோது இதுதான் புத்தகத்தின் மிக நேர்மையான இடம் என்று பட்டது. அந்தப் பெண்களைத் தேவதைகளாக்காமல், கொள்கைக்காக ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டதை அதே இயக்கத்தை நேசித்த எழுத்தாளரே எழுதியிருக்கிறார். பிள்ளைகளை இயக்கத்துக்குக் கொடுத்த, கொடுக்காமல் ஒளித்த, பறிகொடுத்த தாய்மார் இருந்த அறையில் அதை வாசிக்கும்போது யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணை தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பிறகு சண்டை தொடங்கியது, காசைப் பற்றி. போகிறவளுக்குப் பங்கு கொடுத்திருக்க வேண்டுமா?

வாகனப் பகுதியில் நின்ற அக்கா: கொடுக்கத்தான் வேண்டும், முழுக்க. சீட்டுப் பிடிக்கிற மாமி: சீட்டில் இடையில் விட்டால் கட்டினது கடைசியில்தான் திரும்பும், வாடகையும் சாப்பாடும் அவளும் சாப்பிட்டவள்தானே, அதைக் கழி. ஆச்சி: பொடியன் என்னத்தைச் சாப்பிட்டிருப்பான், கழிக்காதே. மனிசனைத் தேடுகிறவர்: காசு இருக்கட்டும், கை தூக்கினவளில் ஒருத்தியாவது பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அண்ணை அப்போதுதான் வாயைத் திறந்தார், டின்னில் மொத்தம் எவ்வளவு இருந்தது, ஒவ்வொருத்தியும் சம்பளத்துக்கு ஏற்றமாதிரிப் போட்டவளா, எல்லோரும் ஒரே அளவா என்று கேட்டார். சம்பளத்துக்கு ஏற்றமாதிரி என்றேன். "அப்ப அவள் மற்றவையை விடக் கூடப் போட்டிருப்பாள், நேர்ஸ் வேலை எண்டுதானே வாசிச்சனீங்கள்," என்றார். மாமி அவர் பக்கம் கதிரையைத் திருப்பிக்கொண்டு கணக்குக் கேட்கத் தொடங்கினார்.

இருட்டும் வரைக்கும் முடியவில்லை. அடுத்த ஞாயிறு வீடு உடைகிற அத்தியாயம். மூன்று மணிக்கே தொடங்குகிறோம், அண்ணை ஆச்சியை ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.